அரிசோனாவும் எங்கள் வீட்டுப் புள்ளடியும்

பெப்ரவரி 9, திங்கள்

காலையிலிருந்து மழை. நான் பகல் முழுக்கப் பாலைவனத்தில் இருந்தேன்.

இவரும் இவருடைய அண்ணனான அத்தானும் எங்கள் அப்டன் பார்க் கடைக்குப் போனதும் குசினி மேசையைத் துடைத்து லப்ரொப்பை விரிப்பேன். ஹெட்போனை மாட்டினால் லண்டனின் ஈஸ்ட் ஹாம் மெல்ல மெல்ல அணைந்துவிடும். பஸ் சத்தம் போய்விடும், பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகை போய்விடும். பிறகு அரிசோனாக்காரர்கள் பேசத் தொடங்குவார்கள்.

அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில் இருக்கிற மாநிலம் அது. அங்கே இரண்டு பெரிய கட்சிகளையும் நம்பாமல் வாக்குப் போடுகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஓர் ஆய்வுக் கம்பனி ரெலிபோனில் கேட்டுப் பதிந்து வைத்திருக்கிறது. பதிவைக் கேட்டு, இந்தப் பதில் இந்த வகை என்று குறியீடு போடுவது என் வேலை. வரி ஒரு வகை, துப்பாக்கி ஒரு வகை, தண்ணீர் ஒரு வகை. எல்லாவற்றிலும் பெரியது பதினேழாம் வகை. பட்டியலில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருக்கிறது. எனக்குள் நான் அதற்கு ‘என்னை என்ர பாட்டில விடு’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அந்த ஆட்களுக்கு அங்கே ஒரு சின்னக் கட்சியும் உண்டு. அரசாங்கம் வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டும் என்கிற கட்சி. தோற்கும் என்று தெரிந்துகொண்டே அதற்குப் போடுகிறார்கள். வாக்கு வீண்தானே என்று கேட்டால், என்னுடையதை நான் வீணாக்குகிறேன், உனக்கென்ன என்கிறார்கள். முதல் ஆள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதையே இன்னொருவர் சொன்னபோது ஏனோ கை நின்றுவிட்டது. யன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மழை எப்போது விட்டது என்றும் தெரியவில்லை.

பெப்ரவரி 17, செவ்வாய்

மேற்பார்வையாளரிடமிருந்து மின்னஞ்சல். கிணறு பற்றிய பதில்கள் எல்லாவற்றையும் நான் ‘பொதுச் சொத்து’ வகையில் போட்டிருக்கிறேனாம். ஏன் என்று அந்தப் பிள்ளை மரியாதையாகக் கேட்டிருந்தது.

பிழை என்னுடையதுதான். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிப் பத்திரத்தில் காணியின் எல்லையை எழுதி முடித்ததும் கிணற்றில் இவ்வளவு பங்கு என்று ஒரு வரி வரும். ஒரு கிணற்றுக்கு நாலு வீடு, ஐந்து வீடு பங்கு. இறைப்பதற்கு முறை. கிணறு என்று காதில் விழுந்ததும் என் கை தன்பாட்டில் பங்குக்குப் போய்விட்டது. அரிசோனாக்காரருக்குக் கிணறு என்றால் அவரவர் காணிக்குள் அவரவர் இறக்கிய குழாய். கீழே ஓடுவது ஒரே தண்ணீர் என்று அவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

எல்லாவற்றையும் பதினேழுக்கு மாற்றினேன். மாற்றும்போது எரிச்சலாக இருந்தது. பங்கு என்றால் என்ன, கேவலமா?

சந்திரவதனா அக்காவுக்குச் சொன்னேன். அத்தானும் அவர் மனைவியான அக்காவும் கீழ்வீட்டில், நாங்கள் மேலே. இருபத்தைந்து வருஷமாக ஒரே குசினியில் நிற்கிறோம். அக்கா கருவாட்டைக் கழுவிக்கொண்டு, “பங்குக் கிணத்தில தண்ணி அள்ளின பொம்பிளையளைக் கேள், அது என்ன சுகமெண்டு,” என்றார்.

பிறகு தபால் விழும் சத்தம் கேட்டது. ஈரக் கையோடு ஓடினார். எங்கள் வீட்டில் தபாலைப் பொறுக்குவது அக்காவின் உரிமை. வேறு ஒருவர் எடுத்தால் முகம் கறுத்துவிடும்.

பெப்ரவரி 26, வியாழன்

இன்றைக்குப் பதிவில் ஒரு கிழவி வந்தா. எழுபது தாண்டிய குரல். ஆட்களின் பெயர்களை எடுத்துவிட்டுத்தான் எங்களுக்குப் பதிவைத் தருவார்கள், அதனால் நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன்: கிணற்றுக்காரி.

அவ பேசுகிற விதம் வேறு. ஒரு வசனம் சொல்லிவிட்டு நிறுத்துவா. பதிவு நின்றுவிட்டதோ என்று நினைக்கிற அளவுக்கு மௌனம். அந்த மௌனத்துக்குள் காற்று வரும். வாசலில் எங்கோ தொங்குகிற மணிகள் ஆடும், கம்பிவலைக் கதவு ஒருமுறை அடித்துக்கொள்ளும், நாய் ஒன்று பெருமூச்சு விடும். பிறகு அடுத்த வசனம். நான் அந்த மௌனங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அதற்குக் கம்பனி எனக்குச் சம்பளம் தருவதில்லை.

அவர்களுடைய பள்ளத்தாக்கில் பெரிய பண்ணைக் கம்பனிகள் வந்து ஆழக் குழாய் இறக்கி இறைக்கின்றனவாம். இவவின் கிணறு வருஷா வருஷம் இறங்குகிறது. எல்லாருடைய கிணற்றுக்கும் அளவுமானி பூட்டலாமா என்று ஒரு வாக்கெடுப்பு வந்ததாம். கூடாது என்று போட்டேன் என்கிறா, பெருமையாக. உங்கள் கிணறுமல்லவா வற்றுகிறது என்று கேட்க, “ஓம், என்னுடைய கிணறுதான்,” என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டா. விசர் மனுசி என்று எனக்குக் கோபம் வந்தது.

ஆனால் அதற்குப் பிறகு ஒன்று சொன்னா. அங்கேயும் பலர் தபாலில்தான் வாக்குப் போடுகிறார்கள். இவவும் புருஷனும் குசினி மேசையில் ஆளுக்கொரு அந்தத்தில் இருந்து போடுவார்களாம். அவர் தன் வாக்குச்சீட்டைத் தொப்பியால் மறைத்துக்கொள்வாராம். கல்யாணம் செய்த நாளிலிருந்து அவரும் இவவை யாருக்கு என்று கேட்டதில்லை, இவவும் அவரைக் கேட்டதில்லை. அவர் போன வருஷம் செத்துப்போனார். “இப்போதும் நான் என் அந்தத்தில் இருந்துதான் போடுகிறேன்,” என்றா. பிறகு மணிகள்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு எங்கள் மேசையைப் பார்த்தேன். இந்த மேசையில் நடப்பது வேறு.

மார்ச் 1, ஞாயிறு

நான் வியாழக்கிழமை எழுதியதை அத்தான் வாசித்தவர்போல இன்றைக்கே பேச்சை எடுத்தார். ஞாயிறு மத்தியானச் சாப்பாடு, எல்லாரும் இருந்தோம்.

“மே ஏழாந் திகதி கவுன்சில் எலெக்சன். எங்கட ஆள் திரும்பக் கேக்கிறார். எங்கட வீட்டு வோட் முழுக்க இருக்கு எண்டு சொல்லிப்போட்டன்.”

இவர் ஓம் அண்ணை என்றார். அக்கா மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டினேன்.

எப்போதும் நடப்பது இதுதான். நாலு பேருக்கும் தபால் வாக்கு. கடையை விட்டுவிட்டு வரிசையில் நிற்க ஏலாது என்று அத்தான்தான் எல்லாருக்கும் பதிந்தார். கடித உறைகள் வந்ததும் ஒரு ஞாயிறு பார்த்து, சாப்பிட்ட மேசையைத் துடைத்து, அத்தான் கண்ணாடியைப் போடுவார். நாலு வாக்குச்சீட்டையும் தன் முன்னால் பரப்பி நாலிலும் தானே புள்ளடி போடுவார். வடிவான புள்ளடி, பெருக்கல் அடையாளம்போல, பெட்டிக்குள் கோணாமல் நிற்கும். கூட வருகிற மற்றத் தாளில் நாங்கள் பிறந்த திகதியை எழுதிக் கையெழுத்து வைப்போம். உறையை ஒட்டுவோம். அதோடு ஐஸ்கிறீம்.

எனக்கு ஐம்பது நடக்கிறது. ஊரில் இருந்தபோது போடாதே என்றார்கள், போடவில்லை. இங்கே பாஸ்போட் கிடைத்த பிறகு ஒரு தேர்தலிலும் என் வாக்கு தவறியதில்லை. ஆனால் ஒரு புள்ளடியாவது நான் போட்டேனா? ஏன் இவ்வளவு காலம் இது எனக்கு உறைக்கவில்லை?

அத்தான் கெட்டவர் என்றால் எழுதுவது சுகம். அவர் கெட்டவர் இல்லை.

மார்ச் 12, வியாழன்

அக்கா பால்பாயாசம் காய்ச்சினார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, குடித்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தெரியும், இன்றைக்குத்தான் அவருடைய மெய்யான பிறந்தநாள். பாஸ்போட் பிறந்தநாள் நவம்பரில். கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் யாரோ ஒருத்தியின் திகதியைக் கொடுத்து, அதுவே நின்றுவிட்டது. டொக்டருக்கும் வங்கிக்கும் பிள்ளைகளுக்கும் நவம்பர்தான். கேக்கும் அப்போதுதான்.

“சந்தோசமா இருங்கோ அக்கா,” என்றேன், குசினியில் வைத்து, மெதுவாக. “உனக்கு மட்டும்தான் ஞாபகம்,” என்றார்.

மார்ச் 20, வெள்ளி

மேசையிலேயே கண் அயர்ந்துவிட்டேன். ஹை ஸ்ட்றீட் நோர்த் முழுக்க மணல். நகைக்கடைக் கண்ணாடியின் பாதி வரை மணல், சேலைக்கடைப் பொம்மைகள் இடுப்பளவு மணலில் நிற்கின்றன. பஸ் தரிப்பில் கை தூக்கிய கள்ளிமரங்கள் வரிசையாக நிற்க, சனமும் அவற்றோடு சேர்ந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறது. ஒருவருக்கும் ஆச்சரியம் இல்லை. றோட்டின் நடுவில் எங்கள் குசினி மேசை. அந்தப் பக்கத்தில் யாரோ கையால் மறைத்து எழுதுகிறார்கள். இந்தப் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. அதில் இருக்கப் போன நேரம் முழிப்பு வந்துவிட்டது.

காது சூடாக இருந்தது. கிணற்றுக்காரியின் மணிகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

மார்ச் 29, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைத்தாயிற்று. அரிசோனாவில் பெரும்பாலான இடங்களில் மாற்றுவதில்லை. நேரத்தை மாற்றச் சொல்ல நீ யார் என்று விட்டுவிட்டார்கள்போல. இவருக்கு அதைச் சொன்னேன்.

“உமக்கு இப்ப எல்லாம் அரிசோனாதான்,” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை என் புள்ளடியை நானே போட்டால் என்ன என்று கேட்டேன். இவர் மணிக்கூட்டைச் சுவரில் மாட்டிவிட்டு, நேராக நிற்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

“ஒரு புள்ளடிதானே. அண்ணை போட்டால் என்ன, நீர் போட்டால் என்ன?”

“ஒண்டுதானே எண்டால் நான் போடுறனே.”

மறுபடியும் போய் அதைத் தொட்டுச் சரிபார்த்தார். மணிக்கூடு நேராகத்தான் நின்றது.

ஏப்ரல் 5, ஞாயிறு

மகள் கம்சிகா ஈஸ்டர் லீவுக்கு வந்திருக்கிறாள். அவள் தன் வாக்கைப் பல்கலைக்கழக ஊரில் பதிந்துகொண்டாள், அதனால் இந்த மேசைக்கு அவள் வருவதில்லை. நான் பகிடிபோலச் சொல்லிப் பார்த்தேன்.

“அம்மா, அது இல்லீகல்,” என்றாள் ரோஸ்டைக் கடித்துக்கொண்டு.

“பெரியப்பா கள்ளனோ?”

“ஐ நோ, பெரியப்பா இஸ் லவ்லி. ஆனா இல்லீகல்.” பிறகு தபால் வாக்கை நிற்பாட்டலாம் என்றும், நிற்பாட்டினால் அன்றைக்கு நேரே போய்ப் போடலாம் என்றும் சொன்னாள். ஒரு போன் கோல் போதுமாம், விபரம் கேட்பார்களாம். அதோடு போய்க் குளித்தாள். இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் லேசு.

ஏப்ரல் 9, வியாழன்

கவுன்சிலுக்குக் கோல் எடுத்தேன். சொன்ன படிவத்தையும் நிரப்பி அனுப்பிவிட்டேன். என்ன காரணம் என்று கேட்பார்கள் என நினைத்துக் காலையிலிருந்து வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அதுவே ஒரு மாதிரி இருந்தது.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப்பிறப்பு. கோயிலுக்குப் போய் வந்து, அத்தான் எல்லாருக்கும் கைவிசேஷக் காசு தந்தார். எனக்கும் தந்தார். வாங்கும்போது கை கூசியது.

பின்னேரம் தேத்தண்ணியோடு பழைய கதை வந்தது. கேட்ட கதைதான், ஆனால் இன்றைக்கு வேறு மாதிரிக் கேட்டது. தொண்ணூறுகளில் அத்தானைத் திருப்பி அனுப்புவதற்காகப் பிடித்து அடைத்து வைத்திருந்தார்கள். பிளேனுக்கு நாள் குறித்தாயிற்று. அப்போது இந்தப் பகுதிக் கவுன்சிலர் ஒருவர், முன்பின் தெரியாத வெள்ளைக்காரர், கொட்டுகிற பனியில் வந்து கேற்றில் நின்று அலுவலர்களோடு வாதாடி நாளைத் தள்ளிப்போடச் செய்தார். அத்தான் மீண்டது அப்படித்தான். அவர் வந்ததால் பிறகு இவர் வந்தார், நான் வந்தேன், கம்சிகா பிறந்தாள்.

“அண்டைக்கு எங்களுக்கு வோட் இல்லை,” என்றார் அத்தான். “இல்லாத வோட்டுக்கு அந்த மனிசன் வந்தவர். இப்ப இருக்கு. அந்த மனிசன்ர கட்சிக்கு ஒண்டாக் குடுக்க வேணும்.”

எனக்கு அழுகை வந்தது. நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? அரிசோனாக்காரிக்குக் காணி இருக்கு, நாய் இருக்கு, கேட்க ஆளில்லை. என்னை விடு எண்டு சொல்லலாம். எங்களை விட்டிருந்தால் நாங்கள் எங்க இருந்திருப்பம்? ஒருத்தன் விடாதபடியால்தானே —

ஆனாலும் திரும்பக் கோல் எடுத்து அதை மாற்றவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

இரண்டாவது சுற்றுப் பதிவுகள் வந்திருக்கின்றன. முதல் பேசிய அதே ஆட்களை மறுபடி கேட்டிருக்கிறார்கள். நான் கிணற்றுக்காரியைத் தேடித்தான் முதலில் திறந்தேன்.

குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. கிணறு வற்றிவிட்டதாம். கோடை தொடங்கும் முன்பே வற்றிவிட்டது. இப்போது மகன் கிழமைக்கு ஒருமுறை வண்டியில் தாங்கி வைத்துத் தண்ணீர் கொண்டுவருகிறான். நாய்க்கு வைக்கிற தண்ணீரைக்கூட அளந்து வைக்கிறேன் என்றா. அளவுமானி வேண்டாம் என்றவ, அதை எந்த நடிப்பும் இல்லாமல் சொன்னா.

கேட்கிறவர் கடைசிக் கேள்விக்கு வந்தார். அதே வாக்கெடுப்பு மறுபடி வந்தால் எப்படிப் போடுவீர்கள்?

மௌனம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மணிகள் ஆடின. கம்பிவலைக் கதவு அடித்தது. மறுபடியும் அடித்தது. முதல் முறை கேட்காமலே பெருமையாகச் சொன்ன மனுசி, இந்த முறை, “அதை நான் சொல்லப்போவதில்லை, மகனே,” என்றா. மிகவும் மென்மையாக.

அவ மாற்றிப் போடுவா. எனக்கு அது நிச்சயம். மாறுவதற்கும் அவவுக்கு அந்த மேசையின் அந்தம் தேவைப்படுகிறது. ஒருவரும் பார்க்காத இடத்தில்தான் அவவால் தன் பிடிவாதத்தை விட முடியும். பங்குக் கிணறா, தனிக் கிணறா என்பது வேறு கதை. அதைத் தீர்மானிக்கிற கை என்னுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தேவை. அத்தானுக்கு இதை எப்படிச் சொல்வது?

‘பதில் சொல்ல மறுத்தார்’ என்ற குறியீட்டைப் போட்டுவிட்டு லப்ரொப்பை மூடினேன்.

ஏப்ரல் 23, வியாழன்

தபால் வாக்குகள் வந்துவிட்டன. அக்கா பொறுக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். அத்தானுக்கு, இவருக்கு, அக்காவுக்கு. அடியில் தேடினார், திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அக்கா உறைகளை அடுக்கி வைத்தார்.

பின்னேரம் அத்தான் கேட்டார். “வான்மதியின்ர எங்க? துலைச்சுப்போட்டாங்கள்போல. நாளைக்குக் கோல் எடுக்கிறன்.”

நான் வாய் திறக்கவில்லை. கோழை.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதித்தான் தீரவேண்டும்.

சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்தோம். அத்தான் கண்ணாடியைப் போட்டார்.

“கவுன்சிலோட கதைச்சனான். உம்மோடதான் கதைப்பினமாம். நாளைக்கு விடிய எடுத்துக் கேளும், புதுசா ஒண்டு தருவினம்.”

“நான்தான் நிப்பாட்டினனான் அத்தான்.”

“என்னத்தை?”

“தபால் வோட்டை. நானே போய்ப் போடப்போறன்.”

“ஆருக்கு?”

“தெரியாது.”

அதுதான் அவருக்குத் தாங்கமுடியாமல் போனது. வேறு ஓர் ஆளின் பெயரைச் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பார். “ஆருக்கெண்டே தெரியாமல் என்னத்துக்குப் போறீர்?”

“இவ்வளவு நாளும் ஆருக்கெண்டு தெரியாமல்தானே கையெழுத்து வைச்சனான்.”

இவர் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார். அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். போடவில்லை.

“உம்மட ஒரு வோட்டுக்காகக் கேக்கேல்லை பிள்ளை. ஒண்டா நிண்டபடியால்தான் இந்த மேசையில இருக்கிறம். ஆளுக்கொரு பக்கம் போனால் நாளைக்கு எங்களைத் தேடி ஆர் வருவினம்?”

“அண்டைக்கு வந்த மனிசன் ஆரையும் கேட்டு வந்தவரோ அத்தான்? தானா நினைச்சுத்தானே வந்தவர்.”

நான்தான் சொன்னேன். எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அடிபட்டதுபோல இருந்தது. தன் சீட்டை மட்டும் எடுத்துப் புள்ளடி போட்டார். அது கோணலாக விழுந்தது. மற்றவற்றைத் தொடாமல் எழும்பி முன் அறைக்குப் போய் ரீவியைப் போட்டுவிட்டார்.

இவர் தன் சீட்டை இழுத்து முன்னால் வைத்தார். பிறகு அண்ணன் வைத்துவிட்டுப் போன பேனையை எடுத்து, அண்ணன் சொன்ன ஆளுக்கே புள்ளடி போட்டார். ஆனால் தானே போட்டார். முதலில் பேனையை வைத்துப் பிடித்த விதம், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

அக்கா தன் உறையைச் சாப்பாட்டுக் கோப்பைகளோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்.

ஐஸ்கிறீமை ஒருவரும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

அத்தான் என் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. கடையில் குடிக்கிறாராம்.

ஏப்ரல் 30, வியாழன்

இதை எப்படி எழுதுவது? நாள் முழுக்கக் கனவுக்குள் நடந்ததுபோல இருக்கிறது.

மத்தியானம் வேலை ஓடவில்லை. பதிவு ஓடிக்கொண்டிருக்க, ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இருந்தேன். சின்னதாக அரிசோனாக் காற்று மேசைக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா வந்து எதிர்க் கதிரையில் இருந்தார்.

“நீ சண்டை பிடிச்சுப் போடப்போறாய். நான் சண்டை பிடிக்காமல் இவ்வளவு நாளும் போடாமல் விட்டனான்.”

விளங்கவில்லை. “அத்தான் உங்கட சீட்டிலயும் போடுறவர்தானே அக்கா?”

“அவர் புள்ளடி போடுறவர். திகதி நான் எல்லோ எழுதுறது.”

முதல் முறை அது பிழையாகத்தான் நடந்ததாம். பிறந்த திகதி என்று இருந்த இடத்தில் கை தன்பாட்டில் மெய்யான திகதியை எழுதிவிட்டது. மார்ச் பன்னிரண்டு. கவுன்சிலின் பதிவில் இருப்பது நவம்பர். சில கிழமை கழித்துக் கடிதம் வந்தது: திகதி பொருந்தவில்லை, உங்கள் வாக்கு எண்ணப்படவில்லை.

“முதல் பயந்துபோனன். பாஸ்போட்டில பிழை பிடிச்சு அனுப்பப்போறாங்கள் எண்டு. பிறகு திரும்ப வாசிச்சன். வாசிச்சிட்டுச் சிரிச்சனான் வான்மதி. இந்தக் குசினியில தனிய நிண்டு சிரிச்சனான். என்ர பேரில ஒருத்தரும் வோட் போடேல்லை எண்டு நினைக்க ஒரு சுகம்.”

அடுத்த முறை வேண்டுமென்றே மார்ச் பன்னிரண்டு. அதற்கு அடுத்த முறையும். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் கடிதம் வரும். அத்தான் காணமுதல் எடுத்துக் கிழித்து மரக்கறித் தோலோடு போட்டுவிடுவார். தபால் சத்தம் கேட்டால் ஏன் ஈரக் கையோடு ஓடுகிறார் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டு நாலு வாக்கு என்று அத்தான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிய, போய்ச் சேர்ந்தது மூன்றுதான்.

நான் பதினேழாம் வகையை அரிசோனாவில் தேடிக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பக்கத்தில் நின்று வெந்தயக் குழம்பு தாளித்துக்கொண்டிருந்திருக்கிறது.

“ஏன் அக்கா எனக்கும் சொல்லேல்லை?”

“சொன்னால் அது உன்ரயும் ஆயிடும்,” என்றார். பிறகு எழும்பி மாவாளியின் மூடியைத் திறந்து, மாப் பொட்டலத்துக்குக் கீழே இருந்து தன் உறையை எடுத்தார். “இந்த முறை இதில ஒருத்தரும் கீறேல்லை. முதல் முறையா வெறுமையா இருக்கு. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை.”

மே 4, திங்கள்

பாங்க் ஹொலிடே. அத்தான் தேத்தண்ணி கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன். சீனி காணாது என்றார்.

மே 7, வியாழன்

காலையில் படியால் இறங்கும்போது வாசலில் குடை சாத்தி வைத்திருந்தது. மழை இல்லை. இவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அக்கா சேலை கட்டிக்கொண்டு நின்றார். கோயிலுக்குக் கட்டுகிற மயில்கழுத்து நிறம். தபால் வாக்கை வாக்களிப்பு நிலையத்தில் கையாலும் கொடுக்கலாம் என்று கம்சிகாவிடம் கேட்டு அறிந்து வைத்திருந்தார். இருவரும் நடந்தோம். எனக்கு அந்த றோட் கனவில் வந்த றோட்போல இருந்தது. செரி மரங்கள் பூவை உதிர்த்து நடைபாதையை மூடியிருந்தன. கால் வைக்க மெத்தென்று இருந்தது. பஸ் தரிப்பில் நின்றவர்கள் கள்ளிமரங்கள்போல அசையாமல் நின்றார்கள்.

ஆரம்பப் பள்ளிக்கூடம். சின்னக் கதிரைகள், சுவரில் பிள்ளைகள் ஒட்டிய கடதாசி மீன்கள். அக்கா மேசையில் கேட்ட படிவத்தை நிரப்பி, தன் உறையைக் கொடுத்தார். விட மனமில்லாதவர்போல ஒரு நொடி பிடித்துக்கொண்டிருந்து பிறகு விட்டார்.

நான் பாஸ்போட்டைக் காட்டிச் சீட்டை வாங்கினேன். மறைப்புக்குள் போனதும் எல்லாச் சத்தமும் அணைந்துவிட்டது, ஹெட்போன் மாட்டியதுபோல. நூலில் கட்டிய பென்சில். நீளப் பெயர்வரிசை. பனியில் கேற்றில் நின்ற அந்தக் கவுன்சிலரை நினைத்தேன். நாய்க்குத் தண்ணீர் அளக்கிற கிழவியை நினைத்தேன். அத்தானின் கோணல் புள்ளடியை நினைத்தேன். பின்னால் யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் வேண்டிய மட்டும் நின்றேன்.

பிறகு போட்டேன். யாருக்கு என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

வெளியே அக்கா கடதாசி மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் ஈரமாக இருந்தது, ஆனால் சிரித்தார்.

“நவம்பர் எண்டு எழுதினனான் வான்மதி. பொய்த் திகதியை எழுதி மெய்யான வோட் போட்டன்.”

திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒருவரை ஒருவர் யாருக்கு என்று கேட்கவில்லை.

மே 8, வெள்ளி

அத்தான் கேட்பார் என்று மனதைக் கட்டிக்கொண்டு இருந்தேன். தேத்தண்ணியை வாங்கினார், ஒரு வாய் குடித்தார்.

“சனம் கனக்க வந்ததோ?”

“ஓம் அத்தான். வரிசை நிண்டது.”

“நல்லது,” என்றார். பிறகு, “உள்ளுக்க என்ன மாதிரி? நான் போய்க் கன காலம்.”

மறைப்பு, பென்சில், கடதாசி மீன்கள் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்கவில்லை.

ஜூன் 5, வெள்ளி

அரிசோனா முடிந்தது. கடைசிப் பதிவுக்கும் குறியீடு போட்டு அனுப்பிவிட்டேன். அடுத்தது எங்கோ பல் மருத்துவர்களிடம் கேட்ட கருத்தாம். கிணற்றுக்காரியின் மௌனத்தை இன்னொருமுறை கேட்கலாம் என்று திறந்தேன். கோப்புகளைப் பூட்டிவிட்டார்கள். ஹெட்போனைச் சும்மா மாட்டிக்கொண்டு இருந்தேன்.

ஜூலை 9, வியாழன்

தேர்தல் முடிந்த நாளிலிருந்து அக்கா தபால் சத்தத்துக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறார். போன முறை எண்ணப்படவில்லை என்ற கடிதம் இதற்கு எவ்வளவோ முதலே வந்துவிட்டதாம்.

இன்றைக்கும் விழுந்தது. அக்கா கை துடைக்காமல் ஓடினார். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பினார். காஸ் பில், ஒரு பிற்ஸா விளம்பரம், இவருக்கு வங்கியிலிருந்து ஒன்று. அடியில் தேடினார். வாசல் பாயையும் தூக்கிப் பார்த்தார்.

அக்காவுக்கு ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டார். பிறகு, “நாளைக்கு நீ எடு தபாலை,” என்றார்.